முனை வெட்டிய மரம்

‘ரம்ப ஆப்பரேட்டரின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்’ என்ற வரியைப் பெயின்ட் அக்கா மூன்று முறை படித்தாள். மூன்றாவது முறை படிக்கும்போது தாளைப் பிடித்திருந்த கை ஆடத் தொடங்கியது. பயத்தில் இல்லை. பயம் வந்தால் அவள் கல் மாதிரி உட்கார்ந்துவிடுவாள். கோபம் வந்தால்தான் கை ஆடும்.

“இதை எழுதினது யாரு?”

“ஆபீஸ்ல அடிச்சுக் குடுத்தாங்க,” என்றார் மேஸ்திரி. மரம் அறுக்கும் மில்லில் எல்லோருக்கும் அவர் மேஸ்திரி. வீட்டில் அவளுக்குப் புருஷன். ஒரு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்ட ஒரு மனுஷனுக்கு எவ்வளவு நேரம் ஆகுமோ, அதைப்போல் நாலு மடங்கு எடுத்துக்கொண்டார். “நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தொழிற்சாலை ஆய்வாளர் வர்றாங்க. அவங்க முன்னாடி உன் தம்பி கையெழுத்துப் போடணும். அதோட முடிஞ்சுது.”

“எந்தக் கையால?”

“இடது கைப் பெருவிரலை உருட்டினாப் போதும்னாங்க.”

அதை அவர் ஏதோ சலுகை வாங்கி வந்தவர் மாதிரிச் சொன்னார். செவ்வாய்க்கிழமை காலையில் மில்லின் பெரிய ரம்பத்தில் ஒரு கட்டை நடுவில் வெடித்துப் பிளந்து, ஒரு பாதி எகிறி, அவள் தம்பியின் வலது கையை இரும்புச் சட்டத்தோடு வைத்து நசுக்கிவிட்டது. பெருவிரல் மட்டும் மிஞ்சியது. மற்ற நாலும் போயின. இன்று வியாழக்கிழமை. இரண்டே நாளில் தாள் தயாராகிவிட்டது. மில்லில் குடிதண்ணீர்க் குழாய் உடைந்தால் சரிசெய்ய மூன்று வாரம் ஆகும்.

“அவன் இதுல கையெழுத்துப் போட மாட்டான்,” என்றாள்.

“போடறேன்னு சொல்லிட்டான். நான் கட்டாயப்படுத்தவே இல்ல. அவனாத்தான் சொன்னான், என் தப்புதான் மச்சான்னு.”

அந்தத் தாளின் அர்த்தம் இவருக்குத் தெரியாதா? விரல் போனவனுக்குக்கூட ஒரு மில்லில் பிழைப்பு உண்டு. ரம்பத்தைக் கூர்தீட்டலாம், ஓடும்போது சத்தத்தைக் கேட்டே பழுது சொல்லலாம், புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று பழக்கலாம். தம்பிக்குத் தெரிந்தது அந்த ஒரு தொழில்தான். கவனமில்லாதவன் என்று அரசாங்கக் காகிதத்தில் ஏறிவிட்டால் எந்த மில்லும் அவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிடும். நாலு விரலை ஆஸ்பத்திரியில் விட்டான். மிச்சம் இருக்கிற பேரை இந்தத் தாளில் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

அதுவும் யார் கவனமில்லாதவன்? பன்னிரண்டு வருஷமாக அந்த ரம்பத்தில் நிற்கிறான், நகம்கூடக் கீறியது இல்லை. காலையில் பொத்தானை அழுத்துமுன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்து, “பத்து உருப்படி, சாயந்திரம் சரிபார்த்து வீட்டுக்குக் கொண்டுபோகணும்” என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பான். மற்றவர்கள் சிரிப்பார்கள். விரலை எண்ணிக் கல்யாணத்துக்கு நாள் குறிக்கிறானா, ரம்பத்தை ஓட்டுகிறானா என்று கேலி பேசுவார்கள். அப்படிப்பட்டவனுக்குக் கவனக்குறைவாம்.

*

அவளுக்குப் பெயின்ட் அக்கா என்று பெயர் வந்தது அவள் வேலையால். லாரியில் மரம் வந்து, மரம் அடுக்கும் வாடியில் இறங்கியதும் முதலில் பார்ப்பவள் அவள்தான். ஒவ்வொரு கட்டையின் முனையிலும் எண் பொறித்த தகர வில்லை அடித்து, டேப் பிடித்து நீளம் பார்த்து, நோட்டில் எழுதுவாள். பிறகு குந்தி உட்கார்ந்து இரண்டு முனைகளையும் துடைத்துப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குத்தான் அவளை வைத்திருந்தார்கள்.

நேராக வளர்ந்த மரத்தின் முனையில் நடுப்புள்ளி நடுவிலேயே இருக்கும்; வளையங்கள் சுற்றிலும் ஒரே அகலமாக ஓடும். சாய்ந்து வளர்ந்த மரத்தில் அப்படி இராது. நடுப்புள்ளி ஒரு பக்கமாக ஒதுங்கிக் கிடக்கும். அந்த வாடிக்கு வரும் மரங்களில், சாய்வின் மேல்பக்கத்து வளையங்கள் அகலமாகவும் அடிப்பக்கத்து வளையங்கள் நெருக்கமாகவும் இருக்கும். விழுந்துவிடாமல் இருக்க, மரம் மேல்பக்கத்தில் தடித்து, தன்னைத் தானே மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டே வளர்ந்திருக்கும். முப்பது வருஷம் இழுத்த இழுப்பு முழுவதும் அந்தப் பக்கத்து மரத்துக்குள் அப்படியே இருக்கும். ரம்பம் படுகிற வரைக்கும் அது வெளியே தெரியாது.

அப்படிப்பட்ட கட்டை கிடைத்தால் அவள் இரண்டு முனையிலும் சிவப்புப் பெயின்ட்டால் பட்டை போட்டு, இழுப்பு இருக்கும் பக்கத்துக்கு ஓர் அம்புக்குறி போடுவாள். சிவப்புக் குறி இருந்தால் ரம்பத்தை மெதுவாக விட வேண்டும். ஒரு பலகை இந்தப் பக்கம் எடுத்தால் அடுத்ததைக் கட்டையைப் புரட்டி அந்தப் பக்கம் எடுக்க வேண்டும். அறுத்த வாயில் ஆப்பு சொருகிக்கொண்டே போக வேண்டும். அரை மணியில் முடியும் கட்டை இரண்டு மணி நேரம் இழுக்கும். முதலாளிக்கு அந்தச் சிவப்பைக் கண்டாலே ஆகாது.

சரக்குப் பார்க்க வருகிறவர்களுக்கும் ஆகாது. “கோணல் சரக்கா?” என்று மூக்கைச் சுளிப்பார்கள். ஏதோ அந்த மரம் குறும்புக்காக வளைந்துகொண்ட மாதிரி. பெயின்ட் அக்காவுக்கு அதைக் கேட்டால் சுருக்கென்று கோபம் ஏறும். இருபது வருஷமாக மர முனைகளைப் பார்க்கிறாள், சும்மா வளைந்த மரம் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. ஒன்று சின்னதாக இருக்கும்போது பெரிய மரம் அதன்மேல் விழுந்து அழுத்தியிருக்கும். ஒன்று வெயிலுக்கு வழியில்லாத இடத்தில் முளைத்து, இருந்த ஒரே சந்துக்குக் கழுத்தை நீட்டியிருக்கும். காற்று ஒரே பக்கமாக அடிக்கிற மேட்டில் நின்றது ஒன்று. இளம் தண்டில் எவனோ கயிறு கட்டி, அவிழ்க்க மறந்து போனது இன்னொன்று. கயிறு உள்ளேயே புதைந்து கிடக்கும். நின்ற மண்ணே சரிந்து கீழே போனதால் சாய்ந்தவைதான் நிறைய. மண் சரிந்ததற்கு மரம் என்ன செய்யும்? சரித்தவனை ஒருத்தனும் கோணல் என்று சொல்வதில்லை. சமாளித்து நின்றதைத்தான் சொல்கிறார்கள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு சண்டை நடந்தது. ரம்பத்தில் நிற்கிறவர்கள் ஆளாளுக்கு, “இது சிவப்புப் போட வேண்டியதில்லை, அது போட்டிருக்க வேண்டும்” என்று பேச ஆரம்பித்தார்கள். இதையே சாக்காக வைத்து முதலாளி, குறியே வேண்டாம், ரம்பக்காரனே பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அன்றைக்கு அவள் ஆபீஸ் வாசலில் நின்று மில் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போட்டாள். “பார்க்கறது நான், அறுக்கறது அவங்க. குறி இருந்தா இருக்கு, இல்லன்னா இல்ல. ரம்பத்துக்கிட்ட வந்தப்புறம் யாரும் என் குறிக்கு மேல பேசக் கூடாது.” அன்று முதல் அதுவே அந்த மில்லின் சட்டம். முதலில் அதற்குத் தலையாட்டியவன் தம்பி.

*

தாளைக் கையில் சுருட்டிக்கொண்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். வார்டில் பன்னிரண்டு கட்டில்கள். தம்பியுடையது ஜன்னலோரம். கையைத் துணிப்பொதி மாதிரிச் சுற்றி, ஒரு கம்பியில் உயர்த்திக் கட்டியிருந்தார்கள். அக்காவைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

“இதுல கையெழுத்துப் போடறேன்னு சொன்னியா?”

“ஆமாக்கா.”

“படிச்சுப் பார்த்தியா?”

“மச்சான் படிச்சுக் காட்டினார்.”

“என்னடா கவனக்குறைவு? எதைக் கவனிக்காம விட்டே? தூங்கினியா? குடிச்சிருந்தியா? யாரையாவது வாய் பார்த்துட்டு நின்னியா?”

“விடுக்கா. என் தப்புதான்.”

“என்ன தப்பு? அதைச் சொல்லு.”

அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளை. சின்ன வயசில் செய்யாத தப்புக்குப் பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிக்கொண்டு வந்தபோது, இவனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வாத்தியாரிடம் நியாயம் கேட்டவள். இப்போது முப்பத்திரண்டு வயசில் செய்யாத தப்பைத் தானே கேட்டு வாங்கித் தலையில் கட்டிக்கொள்கிறான்.

“உனக்கு முதுகெலும்பே இல்லையாடா? அவங்க எழுதிக் குடுத்தா நீ விரலை உருட்டிடுவியா? நீ இப்படிக் கிடக்கறது எனக்குப் பெருசு இல்ல. எதுத்து ஒரு வார்த்தை பேசாம கிடக்கறியே, அதுதான்டா என்னால தாங்க முடியல.”

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். தம்பி மெல்லத் திரும்பினான். கண் கலங்கியிருந்தது, ஆனால் அழவில்லை. “அக்கா, நீ நாளைக்கு வராதே,” என்றான். “வந்தாலும் அந்த ஆய்வாளரம்மா முன்னாடி எதுவும் பேசாதே. மரத்தைப் பத்தி உன்கிட்ட எதாவது கேட்டா, தெரியாதுன்னு சொல்லிடு. எனக்காகச் செய்.”

“ஏன்?”

“காரணம் கேக்காதே.”

அவள் விருட்டென்று எழுந்தாள். அவமானத்தில் பேசுகிறான், அக்கா வந்து சத்தம் போட்டால் மானம் போகும் என்று நினைக்கிறான் என்றுதான் அவளுக்குப் பட்டது. “நான் பேசுவேன்டா,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். படியிறங்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது: செவ்வாய்க்கிழமையிலிருந்து ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்ததில், அந்தக் கட்டையை அவள் இன்னும் பார்க்கவேயில்லை.

*

மில்லில் பெரிய ரம்பம் மூன்று நாளாக ஓடவில்லை. ஆய்வாளர் பார்க்கும்வரை எதையும் அசைக்கக் கூடாது என்று உத்தரவு. வாசலில் காவல்காரர் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவரைக் குட்டித்தூக்கம் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்; திருடன் வந்தால் அவனே அவரை எழுப்பிச் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார், ஒன்றும் கேட்காமல் கதவைத் திறந்தார்.

கட்டை தார்ப்பாயின் கீழ் கிடந்தது. விலக்கினாள். நடுவில் பிளந்து, ஒரு பாதி சட்டத்தில் மாட்டியபடியே இருந்தது. இரும்பில் கறுத்துப்போன ரத்தம். அதைப் பார்க்காமல் முனைக்குப் போய்க் குந்தினாள்.

எண் வில்லை: அறுபத்தொன்று. நடுப்புள்ளி பட்டை ஓரத்திலிருந்து நாலு விரற்கடைதான் தள்ளி இருந்தது. ஒரு பக்கம் வளையம் அகலம் அகலமாக. குருடனுக்குக்கூடத் தடவினால் தெரியும். சாய்ந்து வளர்ந்த மரம், அதுவும் மோசமாகச் சாய்ந்தது. முனையில் சிவப்பு இல்லை.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மறுமுனைக்குத் தவழ்ந்துபோய்ப் பார்த்தாள். அங்கேயும் இல்லை. இப்போது கை ஆடவில்லை. இதை நான் விட்டுவிட்டேனா? இந்த முனையைப் பார்த்தும், இந்தக் கையால் வில்லையை அடித்தும், குறி போடாமல் எழுந்து போயிருக்கிறேனா? நான் பார்க்காமல் விட்டதுக்கு அவன் விரல் போயிற்றா? சற்றுமுன் ஆஸ்பத்திரியில் அவனைப் பார்த்துக் கத்திய ஒவ்வொரு வார்த்தையும் திரும்பி வந்து அவளைக் குத்தியது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ, அவளுக்கே தெரியாது.

பிறகு இருபது வருஷப் பழக்கம் அவளை எழுப்பியது. முனை ரொம்பச் சுத்தமாக இருந்தது. காட்டில் வெட்டி, லாரியில் உருண்டு, வாடியில் இரண்டு மாதம் வெயிலில் கிடந்த கட்டையின் முனை வெடித்து, கறுத்து, மண் அப்பியிருக்கும். இது நேற்று வெட்டியது போல் வெளுப்பாக இருந்தது. வில்லையில் இரண்டு ஆணி. அவள் ஓர் ஆணிக்கு மேல் அடிப்பதே இல்லை.

ஓடிப்போய்த் தன் கொட்டகையிலிருந்து நோட்டையும் டேப்பையும் எடுத்துவந்தாள். அறுபத்தொன்று: நீளம் பன்னிரண்டு அடி ஐந்து அங்குலம், குறி, இரண்டு முனையும். அவள் கையெழுத்து. டேப்பைப் பிடித்தாள். பன்னிரண்டு அடி ஓர் அங்குலம். ஒருமுறைக்கு மூன்றுமுறை பிடித்தாள். நாலு அங்குலத்தைக் காணோம். பக்கத்து அடுக்கில் நோட்டுப்படி குறியுள்ள கட்டைகள் ஏழு இருந்தன. ஏழுக்கும் முனை புதுசு. ஏழுக்கும் நாலு அங்குலம் குறைவு.

“குறி போட்ட முனையெல்லாம் எங்க?” என்று காவல்காரரிடம் கேட்டாள்.

அவர் தலையைச் சொறிந்தார். “ஞாயித்துக்கிழமை வெட்டினாங்கல்ல. திங்கக்கிழமை சரக்குப் பார்க்கப் பெரிய ஆளுங்க வர்றாங்க, சிவப்புக் கண்ணுல படக் கூடாதுன்னு முதலாளி சொன்னாராம். மேஸ்திரிதான் ரெண்டு ஆளை வச்சு வெட்டினார். வில்லையெல்லாம் பிடுங்கித் திரும்ப அடிச்சாங்க. வெட்டின முனைத் துண்டெல்லாம் அடுப்புல போட்டாச்சு. ஏம்மா, உங்க வீட்டுக்காரர் உங்ககிட்ட சொல்லலையா?”

சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, மரத்தூள் அரிக்கிறது, முதுகைத் தேய்த்துவிடு என்றார். இவளும் தேய்த்துவிட்டாள்.

*

வீட்டில் மேஸ்திரி டீ போட்டுக் குடித்துக்கொண்டிருந்தார். நோட்டை அவர் முன்னால் திறந்து வைத்து, அதன்மேல் டேப்பை வைத்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. இனி விளக்கம் சொல்ல வேண்டியது எதுவும் இல்லை என்று இரண்டு பேருக்கும் தெரிந்தது.

“முதலாளி சொன்னார்,” என்றார் கடைசியில்.

“முதலாளி சொன்னா வெட்டுவீங்க. சரி. ரம்பத்துல நிக்கறவன்கிட்ட ஏன் சொல்லல?”

“அவங்க பார்த்துட்டுப் போனதும் திங்கக்கிழமை சாயந்திரமே திரும்பக் குறி போட்டுடணும்னுதான் இருந்தேன். திடீர்னு நாலு லாரி வந்துடுச்சு. அதுல… மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன். செவ்வாக்கிழமை காலையில அந்தக் கட்டை ரம்பத்துக்குப் போகும்னு எனக்குத் தெரியாது.”

மறதியை அவளால் பொறுக்க முடியும் என்றுகூடத் தோன்றியது. மனுஷன் மறப்பான். நாலு லாரி ஒன்றாக வந்தால் அவளே சாப்பாட்டை மறப்பாள். ஆனால் மறந்தவன் அதற்கப்புறம் என்ன செய்தான்?

“அப்போ இந்தத் தாள்?”

“அவனாத்தான் ஒத்துக்கிட்டான்னு சொன்னேனே.”

“அவன் எதுக்கு ஒத்துக்கறான்? அவன் செஞ்சது என்ன?”

மேஸ்திரி டம்ளரைத் தூக்கினார், குடிக்காமல் வைத்தார். “அவன் முனையைப் பார்த்திருக்கான். சாய்ஞ்ச மரம்னு அவன் கண்ணுக்கே தெரிஞ்சிருக்கு. குறி இல்ல. அக்கா பார்த்திருக்கும், குறி போடலைன்னா சரியாத்தான் இருக்கும்னு முழு வேகத்துல விட்டுட்டான். ஆஸ்பத்திரியில கண்ணைத் திறந்ததும் என்கிட்ட அதைத்தான் கேட்டான்.”

“எதை?”

“‘மச்சான், அக்கா குறி போட மறந்துடுச்சா?’ன்னு.”

அடுப்பில் மிச்ச டீ பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் திரும்பிப் பார்க்கவில்லை.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நான் ஆமான்னு சொல்லல.”

“இல்லன்னு சொன்னீங்களா?”

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். “இல்லன்னு சொன்னீங்களான்னு கேக்கறேன். அவன் வாய் திறந்து கேட்டான்ல? அந்த இடத்துல ஒரு வார்த்தை, ‘இல்லடா, அவ குறி போட்டுத்தான் இருந்தா, நான்தான் வெட்டிட்டேன்’னு சொன்னீங்களா?”

“அவனே சொன்னான்,” என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு. “‘அக்கா பேரு வெளிய வரக் கூடாது மச்சான், வேலையும் போயிடும், கேஸும் ஆயிடும், நான் பார்த்துக்கறேன்’னு. நான் என்ன பண்றது சொல்லு? உண்மையைச் சொன்னா முதலாளி என்னைத்தான் கைகாட்டுவார். இந்த வீடே மில்லோட வீடு. அவனுக்கு எப்படியும் கை போயிடுச்சு. இன்னொருத்தரும் சேர்ந்து போகணுமான்னு…”

அப்போதுதான் அவளுக்கு எல்லாம் விளங்கியது. நாளைக்கு வராதே. பேசாதே. தெரியாதுன்னு சொல்லு. முதுகெலும்பு இல்லையா என்று அவள் கத்தியது யாரைப் பார்த்து? கை போன வலியோடு படுத்துக்கொண்டு, இல்லாத அவள் தப்பை இவ்வளவு நாளும் தன் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு கிடக்கிறவனைப் பார்த்து. அதைத் தெரிந்தே பக்கத்தில் உட்கார்ந்து, தாளைப் படித்துக் காட்டி, எங்கே விரலை உருட்ட வேண்டும் என்று பெருக்கல் குறி போட்டு வைத்தவர் இவர். இருபத்திரண்டு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தவர். முதலாளி பணக்காரன், அவன் அப்படித்தான் இருப்பான். அவனிடம் அவள் எதையும் எதிர்பார்த்ததில்லை. இவரை அல்லவா நம்பினாள்.

“நாளைக்குக் காலை வரைக்கும் நேரம் இருக்கு,” என்றாள். குரல் உயரவே இல்லை; அதுதான் மேஸ்திரியை அதிகம் பயமுறுத்தியது. “நீங்களா சொல்லணும். எல்லார் முன்னாடியும், அவன் கேக்கும்படியா. முதலாளி சொன்னதையும் சேர்த்து. நீங்க சொல்லலைன்னா நான் சொல்வேன்.”

“நம்ம குடும்பம்…”

“அவன் யாரு? பக்கத்து வீட்டுக்காரனா?”

நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

*

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஆய்வாளர் வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, தடித்த கோப்புகளைத் தானே தூக்கிக்கொண்டு வந்த ஓர் அம்மா. காலையிலேயே மில்லுக்குப் போய்க் கட்டையைப் பார்த்து, அளந்து, எழுதிக்கொண்டு வந்திருந்தார். அவர் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மேஸ்திரி கட்டிலின் கால்மாட்டில் நின்றார், சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையில். பெயின்ட் அக்கா ஜன்னலோரம் நின்றாள். தம்பி அவளைப் பார்த்து, வேண்டாம் என்பது போல் லேசாகத் தலையசைத்தான்.

“இந்தத் தாள்ல இருக்கறது நீங்க சொன்னதுதானா?” என்று ஆய்வாளர் கேட்டார்.

“ஆமா மேடம். என் கவனக்குறைவுதான்.”

“அப்படின்னா? எதைக் கவனிக்காம விட்டீங்க?”

“அது… வேகமா விட்டுட்டேன்.”

பெயின்ட் அக்கா புருஷனைப் பார்த்தாள். அவருக்கு நேரம் கொடுத்தாள். மேஸ்திரி கட்டிலின் இரும்புக் கம்பியைத் துடைப்பவர் மாதிரித் தேய்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் மைப்பெட்டியைத் திறந்து, தம்பியின் இடது கையைப் பிடித்தார். அந்தப் பெட்டியின் மூடி திறந்த சத்தத்துக்குக்கூட மேஸ்திரி நிமிரவில்லை.

“மேடம், கட்டையை அளந்தீங்களா?” என்றாள் பெயின்ட் அக்கா.

“நீங்க யாரு?”

“இவன் அக்கா. அந்த மில்லுல கட்டையைப் பார்த்துக் குறி போடறவ. நீளம் எவ்வளவு இருந்தது?”

ஆய்வாளர் தன் குறிப்பைப் புரட்டினார். “பன்னிரண்டு அடி ஓர் அங்குலம்.”

“அக்கா, சும்மா இரு,” என்றான் தம்பி. எழுந்திருக்கப் பார்த்தான், கட்டிய கை இழுத்தது. “மேடம், அவளுக்கு ஒண்ணும் தெரியாது. நான் கையெழுத்துப் போடறேன், குடுங்க.”

அவள் நோட்டைத் திறந்து ஆய்வாளர் மடியில் வைத்தாள். “வாடிக்கு வந்தப்போ பன்னிரண்டு அடி ஐந்து அங்குலம். ரெண்டு முனையிலயும் சிவப்புக் குறி. அடுக்குல இன்னும் ஏழு கட்டை கிடக்கு, அதையும் இந்த நோட்டோட வச்சு அளந்து பாருங்க. எல்லாத்துலயும் குறி இருந்த முனை போயிருக்கு. சரக்குப் பார்க்க வர்றவங்க கண்ணுல சாய்ஞ்ச மரம்னு தெரியக் கூடாதுன்னு முதலாளி வெட்டச் சொன்னார். வெட்டினவர் இதோ நிக்கறார்.”

ஆய்வாளர் இரண்டு எண்களையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மைப்பெட்டியை மூடினார்.

தம்பி ஆய்வாளரைப் பார்க்கவில்லை, மேஸ்திரியையும் பார்க்கவில்லை. அக்காவை மட்டும் பார்த்தான்.

“நீ குறி போட்டிருந்தியா?”

“போட்டிருந்தேன்டா.”

“ரெண்டு முனையிலயுமா?”

“ரெண்டு முனையிலயும்.”

அவன் தலையணையில் சாய்ந்து, கூரையைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். அதற்கப்புறம்தான் மச்சான் பக்கம் திரும்பினான். குரலில் கோபம்கூட வரவில்லை. ஏமாந்தவனின் வியப்புதான் இருந்தது.

“மூணு நாளா நான் எங்க அக்காவை மன்னிச்சுக்கிட்டு இருந்தேன், மச்சான். நீங்க பக்கத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருந்தீங்க.”

ஆய்வாளர் தட்டச்சுத் தாளை மடித்துக் கோப்பின் அடியில் வைத்துவிட்டு, புதுத் தாள் ஒன்றை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினார். “நீங்க சொல்லுங்க,” என்றார் மேஸ்திரியிடம். அவர் தொண்டையைச் செருமி, தனக்கே கேட்காத குரலில் ஏதோ ஆரம்பித்தார்.

“சத்தமாச் சொல்லுங்க,” என்றாள் பெயின்ட் அக்கா. “அவனுக்குக் கேக்கணும்.”